மாடிக் கிண்ணமும் மண் தொடர்பும்

சென்னையிலிருந்து நாகர்கோவில் வரையில் ரயிலில் பிரயாணம் செய்கிறவர்கள் ஜன்னல் வழியே ஊர்களைப் பார்த்துக்கொண்டு போனால் ஒரு காட்சி கண்ணில் படாமற் போகாது. ஓட்டு வீடாயினும் சரி, மச்சு வீடாயினும் சரி, கோபுரத்துக்குப் போட்டியாக எழும்பிய அடுக்கு மாடியாயினும் சரி, ஒவ்வொன்றின் தலைமேலும் ஓர் இரும்புக் கிண்ணம் வானத்தை நோக்கி வாய் திறந்து நிற்கிறது. சாதகப் பட்சி மழைத் துளிக்காகக் காத்திருக்கும் என்று கவிகள் சொல்வார்கள். நமது மாடிக் கிண்ணங்கள் காத்திருப்பது மழைத் துளிக்காக அல்ல. மாலை நேரத்துத் தொடர் நாடகத்துக்காக!

இந்தியாவில் இத்தகைய கிண்ணங்கள் முதன் முதலில் பெருவாரியாகத் தோன்றியது 1975-ஆம் ஆண்டில். ஏ.டி.எஸ்.-6 என்ற அமெரிக்கத் துணைக்கோளின் உதவியால் ஆறு ராஜ்யங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு ஒரு வருஷ காலம் கல்வி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. அப்போது கிராமங்களில் நிறுத்திய கிண்ணங்கள் பத்தடி அகலம். கோழிக் கூண்டுக்கு உபயோகிக்கும் கம்பி வலையினால் செய்யப்பட்டவை. 2003-ஆம் ஆண்டு முதல் வீடுகளுக்கே நேராக வரும் முறை ஆரம்பமாயிற்று. பத்தடிக் கிண்ணம் இரண்டடியாகச் சுருங்கி, "டிஷ்" என்ற பெயருடன் நமது மொட்டை மாடியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

டிஷ்ஷைப் பொருத்த வருகிற இளைஞரை நாம் குறை கூறப்போவதில்லை. உச்சி வெயிலில் மாடிச் சுவர்மேல் ஏறி நின்று, பூமத்திய ரேகைக்கு நேர் மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு துணைக்கோளுக்குக் குறி வைப்பது இலேசான காரியம் அல்ல. இங்கே ஒரு பாகை பிசகினால் அங்கே அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பிசகிப் போகும். அந்த வித்தையில் அவர் கைதேர்ந்தவர். படம் தெரிந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். வீட்டுக்காரரும் சந்தோஷமாகச் சாய்வு நாற்காலியில் சாய்கிறார். 36,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதைக் கண்டுபிடித்தவர்கள், முப்பதடிக்குக் கீழே இருக்கும் மண்ணை மட்டும் மறந்துவிடுகிறார்கள்!

"மண்ணை மறந்தால் என்ன ஸார்? படம்தான் நன்றாகத் தெரிகிறதே!" என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டால் நாம் அவனைக் கோபிக்க மாட்டோம். அவன் கேட்பது வாஸ்தவம். படம் தெரிவதற்கு எர்த் வேண்டியதில்லை. இதிலுள்ள வம்பே அதுதான். மின்விசிறி நின்றுபோனால் உடனே ஆளைக் கூப்பிடுகிறோம். எர்த் இல்லாமற் போனால் வீட்டில் எதுவும் நிற்பதில்லை. ஆகையால் யாரும் அதைத் தேடுவதில்லை. தேட வேண்டிய நாள் வரும்போதோ, தேடுவதற்கு அவகாசம் இருப்பதில்லை.

கேபிளுக்குள் நடப்பது என்ன?

டிஷ் என்பது வெறும் தகடு. வானத்திலிருந்து வரும் அலைகளைத் திரட்டி, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கருவியின் வாயில் போடுவதே அதன் வேலை. அந்தக் கருவிக்கு எல்.என்.பி. என்று பெயர். விண்ணிலிருந்து வரும் அலைகள் விநாடிக்குப் பதினாயிரம் கோடிக்கும் மேல் துடிப்பன என்று சிலர் பயமுறுத்துவார்கள், அது மிகை. ஆயிரம் கோடிக்குச் சற்று மேல் என்பதே சரி. அவ்வளவு வேகமாகத் துடிக்கும் அலைகள் கேபிளில் சில அடி தூரம் போவதற்குள் சோர்ந்துவிடும். ஆனபடியால் எல்.என்.பி. அவற்றின் துடிப்பைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்துக் கீழே அனுப்புகிறது.

இந்தக் காரியத்துக்கு அதற்கு மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் கூடத்திலுள்ள செட்டாப் பாக்ஸிலிருந்து அதே கேபிள் வழியாகவே மேலே போகிறது. 13 வோல்ட் போனால் ஒரு ஜாதி அலைகளையும், 18 வோல்ட் போனால் மற்றொரு ஜாதி அலைகளையும் எல்.என்.பி. பொறுக்கி அனுப்புகிறது. ஒரே கேபிளில் படம் இறங்குகிறது, மின்சாரம் ஏறுகிறது.

இனி முக்கியமான விஷயம். கேபிளின் நடுவில் ஒரு கம்பி. அதைச் சுற்றி வெள்ளை நிறக் காப்பு. அதன் மேல் உலோகத் தாளும் பின்னலும். இந்த வெளிப் பின்னல் மாடியில் எல்.என்.பி.யின் உடலோடும், அநேகமாக அதன் மூலம் டிஷ்ஷோடும் சேர்ந்திருக்கிறது. கீழே செட்டாப் பாக்ஸின் உலோகத்தோடும், அங்கிருந்து மற்றொரு ஒயர் மூலம் டெலிவிஷன் பெட்டியோடும் சேர்ந்திருக்கிறது. ஆகவே, மாடியில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் இரும்பும், கூடத்தில் குழந்தைகள் முன்னால் இருக்கும் பெட்டியும் மின்சாரத்தின் கண்ணுக்கு ஒரே உலோகத் துண்டுதான். நேயர்கள் இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் பாக்கி எல்லாம் தானே விளங்கிவிடும்.

அழையாத விருந்தாளிகள்

இந்த உலோகத் துண்டின்மேல் வந்து குடியேறக்கூடிய விருந்தாளிகள் மூவர்.

முதல்வர், கசிவு. செட்டாப் பாக்ஸுக்குப் பெரும்பாலும் இரட்டை முள் பிளக்தான். அதில் எர்த்துக்கு இடமே இல்லை. உள்ளே இரைச்சலை அடக்குவதற்காக வைத்திருக்கும் ஒரு சிறு உறுப்பின் வழியாகத் துளி மின்சாரம் உலோக உடலுக்குக் கசிந்துகொண்டிருக்கும். கேபிளைக் கழற்றும்போது விரல் "சுர்"ரென்று சிலிர்ப்பது இதனால்தான். ஒரு பெட்டியின் கசிவு ஆளைக் கொல்லாது. மில்லி ஆம்பியர் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் அடுக்கு மாடியில் ஒரே டிஷ்ஷிலிருந்து பத்து வீடுகளுக்குக் கேபிள் போகுமானால், பத்துப் பெட்டிகளின் கசிவும் அங்கே கூடிவிடும். மாடிச் சுவர்மேல் நின்று வேலை செய்கிறவர் எதிர்பாராமல் அதைத் தொட்டுக் கையை உதறினால், மின்சாரம் கொல்லாவிட்டாலும் விழுகிற உயரம் கொன்றுவிடும்.

இரண்டாமவர், பழுது. பெட்டிக்குள் காப்பு கெட்டாலும், மாடி விளக்குக்குப் போகும் ஒயர் நைந்து கம்பத்தில் உரசினாலும், 230 வோல்ட் முழுவதும் அந்தக் கம்பத்தில் வந்து நிற்கும். நமது வீடுகளில் அந்தக் கம்பத்துக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டே! ஒரு முனை டிஷ் கம்பத்தில், மறு முனை தண்ணீர்த் தொட்டிக் குழாயில் என்று துணிக்கொடி கட்டாத மாடி அபூர்வம். கொடி இரும்புக் கம்பியாக இருந்து, ஈரத் துணியும் ஈரக் காலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. எர்த் இருந்தால் பழுது ஏற்பட்ட கணத்திலேயே மின்சாரம் மண்ணுக்கு ஓடி, மெயின் போர்டில் உள்ள காப்பு ஸ்விட்சை விழச் செய்யும். எர்த் இல்லாவிட்டால் ஒன்றும் விழாது. தொடுகிற மனிதருக்காக அது காத்திருக்கும். துணி உலர்த்தப் போகிறவர் வீட்டிலே யார் என்பதை ஒவ்வொருவரும் யோசித்துக்கொள்ளலாம்.

மூன்றாமவர், இடி. இவரைப் பற்றி ஒரு பழைய சரித்திரம் உண்டு. 1752-ஆம் ஆண்டில் மின்னலும் மின்சாரமே என்று பிரான்சில் பரீட்சை செய்து காட்டினார்கள். பெஞ்சமின் பிராங்க்ளின் சொன்ன யோசனை அது. மறு வருஷம் ருஷியாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில், ரிக்மன் என்ற பேராசிரியர் தம் வீட்டுக் கூரைமேல் ஓர் இரும்புத் தண்டை நிறுத்தி, அதிலிருந்து கம்பியை அறைக்குள் கொண்டுவந்து, மின்சாரத்தை அளப்பதற்கு ஒரு கருவியில் சேர்த்திருந்தார். தண்டிலிருந்து மண்ணுக்குப் போக வழி வைக்கவில்லை. புயல் வந்தபோது அளவைப் பார்க்கக் குனிந்தவர் அங்கேயே இறந்தார். மின்சார ஆராய்ச்சிக்காக உயிர் துறந்தவர்களில் அவரை முதல்வராகச் சொல்வதுண்டு.

கூரைமேல் ஓர் உலோகம், அதிலிருந்து அறைக்குள் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் ஒரு கருவி, மண்ணுக்கு வழியில்லை. ரிக்மனுடைய ஏற்பாட்டுக்கும் நமது வீட்டு ஏற்பாட்டுக்கும் என்ன வித்தியாசம்? அவர் விஞ்ஞானத்துக்காகச் செய்தார். நாம் வேடிக்கை பார்ப்பதற்காகச் செய்கிறோம். அவ்வளவுதான்.

நமது நாட்டில் வருஷந்தோறும் 2,000 பேருக்கு மேல் மின்னலால் இறக்கிறார்கள். அவர்களில் மிகப் பலர் வெட்டவெளியில் வேலை செய்கிறவர்கள் என்பது மெய்தான். ஆனால் கோடை இடியின்போதும் ஐப்பசி மழையின்போதும், தெருக்கோடியில் எங்கேயோ இடி விழ, நமது கூடத்துப் பெட்டி கருகுவது சகஜம். இடி நேராக நம் டிஷ்மேல் விழ வேண்டுமென்பதில்லை. பக்கத்தில் விழுந்தாலே நீண்ட கேபிளில் மின்சாரம் தூண்டப்பட்டு உள்ளே பாயும்.

இரண்டு மண் ஆகாது

"சரி, மாடியிலிருந்து ஒரு கம்பியை இறக்கித் தோட்டத்தில் ஒரு முளையை அடித்து அதில் கட்டிவிட்டால் போதுமல்லவா?" என்று கேட்பார்கள். போதாது. போதாதது மட்டுமல்ல, அரைகுறை எர்த் சில சமயம் புது அபாயத்தையும் கொண்டுவரும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மின்னலில் 30,000 ஆம்பியர் பாய்வது சாதாரணம். (நமது வீட்டு மிக்ஸி எடுப்பது இரண்டு மூன்று ஆம்பியர்.) அந்த 30,000-த்தில் சிறு பங்காக 1,000 ஆம்பியர் மட்டும் தோட்டத்து முளை வழியே இறங்குவதாக வைத்துக்கொள்வோம். முளைக்கும் மண்ணுக்கும் இடையேயுள்ள தடை 10 ஓம் என்று கொள்வோம். ஆயிரத்தைப் பத்தால் பெருக்கினால் 10,000. அதாவது, டிஷ்ஷும் கேபிளும் அந்தக் கணத்தில் 10,000 வோல்ட்டுக்கு உயர்ந்துவிடும். வீட்டு மின்சாரத்தின் எர்த்தோ வாசல் பக்கத்தில் வேறொரு குழியில் பழைய நிலையிலேயே இருக்கும். இந்த இரண்டு மண்ணும் சந்திக்கிற இடம் எது? டெலிவிஷன் பெட்டிதான். ஒரு பக்கம் கேபிள், மறு பக்கம் சுவர் பிளக். பதினாயிரம் வோல்ட்டும் நடுவிலே பாயும்.

இரண்டு எர்த்தையும் தடித்த செம்புக் கம்பியால் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் இந்தச் சண்டை இல்லை. தெப்பத் திருவிழாவில் தெப்பத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறவரைப் பாருங்கள். குளத்து நீர் உயர்ந்தால் தெப்பம் உயரும், அவரும் கூடவே உயர்வார், ஆபத்தில்லை. ஒரு காலைத் தெப்பத்திலும் மற்றொரு காலைப் படிக்கட்டிலும் வைத்திருக்கிறவருக்குத்தான் சங்கடம். வீட்டிலுள்ள உலோகம் எல்லாம் ஒரே தெப்பத்தில் இருக்க வேண்டும். டிஷ்ஷை எர்த் செய்வதன் ரகசியம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

முதலில் வீட்டு எர்த்

இதிலிருந்து ஒரு கடமை தானே பிறக்கிறது. டிஷ்ஷை வீட்டு எர்த்தோடு சேர்ப்பதற்கு முன், வீட்டில் எர்த் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகைச்சுவைக்காக நாம் இதைச் சொல்லவில்லை. சுவரிலுள்ள மூன்றாவது துளைக்குப் பின்னால் பச்சை ஒயரே இல்லாத வீடுகள் அநேகம். ஒயர் இருந்தும் குழியில் அது துருப்பிடித்து அற்றுப்போன வீடுகள் அதைவிட அநேகம். அப்படிச் செத்துப்போன எர்த்தில் டிஷ்ஷைக் கட்டினால் விபரீதம் உண்டாகும். சமையலறையில் கிரைண்டர் பழுதானால், அதன் மின்சாரம் போக வழியில்லாமல் பச்சை ஒயர் வழியே ஏறி, மாடியில் துணிக்கொடி கட்டிய கம்பத்தில் போய் நிற்கும். நன்மைக்காகக் கட்டிய கம்பியே எமனாக மாறும்.

சில இடங்களில் எர்த் துளையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டு, "எர்த் ரெடி" என்று சொல்லிவிடுகிறார்கள். இதைப் போன்ற பாதகம் வேறில்லை. வெளியே நியூட்ரல் கம்பி அறுந்த அன்று, வீட்டிலுள்ள ஃபிரிஜ், கிரைண்டர், டிஷ் எல்லாவற்றிலும் மின்சாரம் ஏறி நிற்கும். தண்ணீர்க் குழாயில் எர்த் எடுக்கும் பழைய வழக்கமும் இக்காலத்துக்கு உதவாது. பாதிக் குழாய் பிளாஸ்டிக் ஆகிவிட்டது.

ஆகவே லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து, எர்த் குழியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சுமார் 2.5 மீட்டர் நீளமுள்ள குழாயோ தண்டோ மண்ணில் இறங்கியிருக்க வேண்டும். கம்பி அதில் இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும். அதன் தடையைக் கருவி வைத்து அளக்க வேண்டும். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் பழைய பழக்கம் நல்ல பழக்கம். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியரில் விழும் காப்பு ஸ்விட்சு இல்லையென்றால், அதையும் அன்றைக்கே போட்டுவிடலாம்.

வேலை நடக்கும் முறை

பிறகு டிஷ்ஷுக்கு வருவோம். கம்பத்தின் அடியில் வர்ணத்தைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்த இடத்தில் கிளாம்ப் போட்டு, அதிலிருந்து செம்புக் கம்பியை வீட்டின் வெளிச் சுவர் வழியாகவே எர்த் குழிக்கு இறக்க வேண்டும். அமெரிக்க விதி 10 கேஜ், அதாவது சுமார் 5 சதுர மில்லிமீட்டர் செம்புக்குக் குறையக்கூடாது என்கிறது. ஐரோப்பிய விதி 16 சதுர மில்லிமீட்டர் கேட்கிறது. ஒரு தரம் செய்கிற வேலையாகையால் பெரியதையே போடுவது உத்தமம். கம்பி நேராக இறங்க வேண்டும். மிச்சக் கம்பியைச் சுருட்டி வைக்கலாகாது. மின்னல் சுருளில் ஓட மறுத்துப் பக்கத்தில் தாவும். கூடத்துப் பிளக்கின் மூன்றாவது துளையில் டிஷ் கம்பியைச் சேர்ப்பதும் தகாது. அது இடியை வாசலில் நிறுத்தாமல் கூடத்துக்கு வரவேற்பதாகும்.

அடுத்தபடி, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், வெளிப்புறமாகவே, எர்த் பிளாக் என்ற சிறு உலோகத் துண்டைப் பொருத்த வேண்டும். கேபிள் ஒரு பக்கம் வந்து மறு பக்கம் போகும். வெளிப் பின்னல் மட்டும் அங்கே எர்த் கம்பியோடு சேரும். படத்துக்கு இதனால் இடைஞ்சல் இல்லை. பலர் கம்பத்தை எர்த் செய்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேண்டும்.

மாடி விளிம்புக்கு இரண்டு மீட்டருக்கு மேல் கீழே, சுவரிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் பொருத்திய டிஷ்ஷுக்கு ஐரோப்பிய விதி இடி சம்பந்தமான எர்த்திலிருந்து விலக்கு அளிக்கிறது. அடுக்கு மாடிப் பால்கனிக்காரர்களுக்கு இது ஆறுதல். கட்டடத்தில் இடிதாங்கி இருந்தால் டிஷ்ஷை அதன் காப்புக்குள் எங்கே வைப்பது, எப்படிச் சேர்ப்பது என்பதை அந்த வேலை தெரிந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேபிளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஆர்.ஜி.-6 என்று குறித்த கேபிளே தகும். தூரம் அதிகமானால் நடுக்கம்பி முழுச் செம்பாக இருப்பது நல்லது. முனைகளில் முறையான கனெக்டர் போட்டு, மழை நுழையாத டேப்பைச் சுற்ற வேண்டும். நீர் நுழைந்து துருப்பிடித்தால் 18 வோல்ட் வழியிலேயே தேய்ந்து, ஒரு ஜாதிச் சானல்கள் மட்டும் மறைந்துபோகும். வீட்டுக்காரர் கம்பெனியைத் திட்டுவார். சுவர்த் துளைக்கு முன்னால் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டு மேலே ஏற்றினால் மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், உள்ளே வராது. துணிக்கொடியை இன்றைக்கே அவிழ்த்து வேறு இடத்தில் கட்டுங்கள். ஈரப் போர்வையின் பாரத்தில் டிஷ் இரண்டு பாகை சாய்ந்தாலே படம் போய்விடும் என்பது கூடுதல் காரணம்.

இரண்டு ஆட்சேபங்கள்

"எர்த் செய்தால் இடியை அழைத்த மாதிரி ஆகாதா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். இடி உயரத்தைப் பார்த்து வருகிறது. எர்த் கம்பியைப் பார்த்து வருவதில்லை. கம்பம் மாடியில் நிற்கிற வரையில் வருகிற இடி வரத்தான் செய்யும். வந்தால் வெளிச் சுவர் வழியே போவதா, கூடத்தின் வழியே போவதா என்பதே நம் கையில் இருப்பது. ஆனால் ஒன்று: இந்தக் கம்பி இடிதாங்கிக்கு ஈடாகாது. பக்கத்தில் விழும் இடியின் வேகத்தைத் தணிக்கும். தலைமேல் விழும் இடிக்கு இதை மட்டும் நம்பக் கூடாது. ஆகவே வானம் கறுக்கும்போதே பிளக்கையும் கேபிளையும் கழற்றிவிடும் வழக்கத்தைக் கைவிட வேண்டாம். இடி முழங்க ஆரம்பித்த பிறகு கேபிளைத் தொட வேண்டாம்.

"இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே!" என்பது மற்றோர் ஆட்சேபம். இதற்கு யுக்தியினால் பதில் சொல்ல முடியாது. ஒன்றும் ஆகாத வருஷங்களை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் ஆகும் நாளை எண்ணுவதில்லை.

ஒரு டெலிவிஷன் பெட்டியின் விலையோடு சில மீட்டர் செம்புக் கம்பியின் விலையை ஒப்பிட்டால், கம்பியின் விலை அற்பம். ஆனால் நாம் பெட்டிக்காகப் பேசவில்லை. பெட்டி போனால் இன்னொன்று வாங்கலாம். நேயர்கள் இன்று மாலை மாடிக்குப் போனால் டிஷ் கம்பத்தின் அடியை ஒரு முறை பார்க்கட்டும். அங்கிருந்து ஓர் எர்த் கம்பி கீழே இறங்குகிறதா? இறங்கினால், அது எங்கே போய் முடிகிறது? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரியாத வீட்டில், விடை தெரிகிற வரையில், அந்தக் கம்பத்தை யாரும் தொட வேண்டாம்.